ஊத்தா என்னுது, கை அவளுது

ஜனவரி 19, ஞாயிறு

கிரைண்டர் பெல்ட் மறுபடியும் அறுந்தது. போன ஆடியில் மாற்றிய கண்ணுச்சாமி, "அஞ்சு வருசத்துக்கு அசையாது ஆச்சி" என்றான். அவன் நின்ற இடம், போட்டிருந்த ஊதாச் சட்டை, குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்துப்போன டீ டம்ளர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாளைக்கு வரட்டும்.

பேத்தி சத்யப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். பொங்கலுக்கு வராததற்குச் சேலை எடுத்து அனுப்புகிறாளாம்.

"சேலை பீரோவுல கெடக்கு. எனக்கு விரால் பிடிக்கணும்" என்றேன்.

"என்னது அப்பத்தா?"

மாவுக்கு ஆள் வராத மத்தியான நேரத்தில் போனில் ஒருத்தன் வீடியோ பார்க்கிறேன். தவசிமுத்து என்று பெயர். நம்ம சேத்தூர்ப் பக்கத்து ஆள்தான். ஆட்களைக் கண்மாய்க்குக் கூட்டிப்போய், பரிசலில் உட்காரவைத்து, ரப்பர் தவளையைத் தூண்டிலில் மாட்டி விரால் பிடிக்கக் காட்டிக்கொடுக்கிறான். வருகிறவர்கள் எல்லாம் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். ஒருத்தனுக்கும் உட்காரத் தெரியவில்லை. அவனுக்குக் கோபம் வந்தால் வீடியோவில் காட்டாமல் தண்ணீரைக் காட்டிவிடுகிறான். ஆனால் குரல் கேட்கும்.

சத்யப்பிரியா சிரித்துச் சிரித்து இருமினாள். "செஞ்சிருவோம் அப்பத்தா" என்றாள். தேதி போட்டு எழுதிவிட்டேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. மறந்துபோகும் என்று எழுதுவதில்லை, எனக்கு எதுவும் மறக்காது. பின்னால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிறார்கள் பாருங்கள், அதற்காக எழுதுவது.

ஜனவரி 20, திங்கள்

சத்யப்பிரியா சொல்லித் தவசிமுத்து போன் பண்ணினான். வக்கீல் மாதிரிக் கேள்வி. நீச்சல் தெரியுமா, தலைசுற்றல் உண்டா, காது கேட்குமா, முட்டி மடங்குமா, தோள் தூக்குமா.

"எல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

"உள்ளதைச் சொல்லுங்க ஆச்சி. தெரிஞ்சா அதுக்குத் தக்கன ஏற்பாடு பண்ணுவேன்."

"உள்ளதைத்தான் சொல்லுதேன்."

தளவாய்புரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் மாமியார் ஊர்க் கண்மாய்க்குத்தான் போக வேண்டும் என்றேன். அங்கே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறதாம், வேறு கண்மாய்தானாம். "எடத்தை நான் பாத்துக்கிடுதேன் ஆச்சி. அதுக்குத்தான என்னைக் கூப்பிடுதிய?" என்றான்.  இதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

பிறகு இன்னொன்று சொன்னான். கண்மாய்க் குத்தகைக்காரரிடம் பேசி வைத்திருக்கிறானாம், பிடிக்கிற மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டுமாம். சரியா ஆச்சி என்றான். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். ம் என்றால் சரி என்று அர்த்தமா?

கடைசியாக, பரிசலுக்கு ரெண்டு பேர் வேண்டுமாம். நடுவில் அவன், ஆளுக்கொரு பக்கம் ரெண்டு பேர். ஒத்தை ஆள் ஏறினால் ஒரு பக்கமாகச் சாயுமாம். மருமகள் பாண்டிசெல்வி மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவள். மகனுக்கு மில்லில் ஷிப்டு.

யாரைக் கூப்பிடுவது?

சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. கஞ்சி கையில் பட்டதுகூடத் தெரியவில்லை. அவளைக் கூப்பிடுவோம். நான் விரால் பிடிப்பதை யார் பார்க்க வேண்டுமோ அவளே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

அவள் என்றால் பொன்மணி. என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மகனோடு இருக்கிறாள். நாற்பது வருசத்துக்கு மேலாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. கல்யாண வீட்டில், எழவு வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நான் தூணைப் பார்த்துச் சொல்வேன், அவள் பானையைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

காரணத்தை இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

என் மகன் கைப்பிள்ளையாக இருந்த வருசம். மாமியார் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றி, இருக்கிற மீனையெல்லாம் பிடித்து அழிக்க ஊருக்கே விட்டார்கள். ஊரே ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கியது. ஊத்தா என்றால் அடியும் மேலும் திறந்த கூடை. அடி அகலம், மேல் வாய் சின்னது. தண்ணீரில் அமுக்கிவிட்டு மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுக்க வேண்டும். என் ஊத்தாவில் ஒரு விரால் மாட்டியது. அடிக்கிற அடியில் ஊத்தா என் நெஞ்சில் வந்து இடிக்கிறது. நான் ரெண்டு கையாலும் ஊத்தாவை அமுக்கிக்கொண்டு, "ஏட்டி, கையை விடு" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பொன்மணி கையை விட்டாள். எடுத்தாள். எடுத்தவள் என்னிடம் தந்தாளா? தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். "நான் பிடிச்சேன், நான் பிடிச்சேன்" என்று.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மாமியார் விரால் தலையை அவள் தட்டில் வைத்தார். எனக்கு வால் துண்டு.

"ஊத்தா என்னுது" என்றேன். "கை என்னுது" என்றாள். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

ஜனவரி 23, வியாழன்

வருகிறாளாம். சத்யப்பிரியா கேட்டதும் யோசிக்கக்கூட இல்லையாம். அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

பிப்ரவரி 8 என்று குறித்திருந்தோம். அது சனிக்கிழமையாம், பெருமாளுக்கு விரதமாம், அவள் கவிச்சியைத் தொட மாட்டாளாம். தூண்டில் போடுவதும் கவிச்சியா? அவளுக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியாகிவிட்டது. இதிலும் அவளுக்கே ஜெயம்.

ஜனவரி 26, ஞாயிறு

தவசிமுத்து வீட்டுக்கு வந்தான். நாற்பது வயதிருக்கும், காது மடல் வரை வெயில் கறுத்த ஆள். மொட்டை மாடியில் வைத்து எறியச் சொல்லிக்கொடுத்தான். முள் இல்லாத ரப்பர் தவளை. எறிவதற்கு முன்னால் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு தடவை மதுரைக்காரர் ஒருத்தர் பார்க்காமல் வீசி, முள் இவன் காதில் ஏறிவிட்டதாம். காது மடலைக் காட்டினான். தழும்பு இருந்தது.

நான் எறிந்ததில் தவளை என் காலடியிலேயே விழுந்தது. ரெண்டாவது, கொடியில் காய்ந்த பாண்டிசெல்வியின் நைட்டியில். தோள் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"முந்தாநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆச்சிக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்லாவே எறியுதாக" என்றான்.

அதை யார் கேட்டார்கள்?

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. வீட்டில் கவிச்சி இல்லை. சாயங்காலம் மாடியில் எறிந்து பழகினேன். அடுத்த வீட்டு வடகத்தில் விழுந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

நாளைக்கு. இட்லி, மிளகாய்ப்பொடி, மோர். கூடைக்கு அடியில் மடித்து ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஈரச்சாக்கு. விராலை ஈரச்சாக்கில் சுற்றினால் வீடு வரை உயிரோடு இருக்கும். எனக்குத் தெரியும்.

பாண்டிசெல்வி, "பையி எதுக்கு அத்தை?" என்றாள்.

"கீரை பறிக்க."

தலையை நான் அவள் எதிரே உட்கார்ந்து தின்ன வேண்டும். அம்புட்டுத்தான். இந்த நாற்பது வருசத்தில் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுத்து கோணிப்போகிறது. வயசால் இல்லை, சிரித்ததால். முதலில் இருந்து எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்னால் கார் வந்தது. பஸ் ஸ்டாண்டில் பொன்மணி நின்றாள். முதல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஒடுங்கிப் போயிருந்தாள். முன் சீட்டில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்து, "குளிரு கூடுதலாத்தான் இருக்கு" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்து, "சொட்டர் கொண்டாரணும்" என்றேன். தவசிமுத்து ஒருதடவை இங்கே, ஒருதடவை அங்கே பார்த்தான்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. ஒரு ஓரம் பூராவும் தாமரை. அதற்கு அந்தப் பக்கம் மலை, இன்னும் கறுப்பாக. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதக்கிற சட்டையை மாட்டிவிட்டான். அதை மாட்டிக்கொண்டு பொன்மணி நின்றது பலாப்பழத்துக்குச் சேலை கட்டிய மாதிரி இருந்தது. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அதை எழுத வேண்டியதில்லை.

பரிசல் ஃபைபரில் செய்தது, வட்டம். ஏறுமுன் தவசிமுத்து ஒரே ஒரு விஷயத்தை ரெண்டு தடவை சொன்னான். திரும்பினாலும் குனிந்தாலும் காலை நீட்டினாலும், அசைகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் அதற்குத் தக்கன மறுபக்கம் சாய வேண்டும். சொல்லாமல் அசைந்தால் தண்ணீர் உள்ளே வரும்.

தாமரைப் பக்கம் போய்ச் சேரவில்லை. எனக்குக் கால் மரத்தது.

"தவசி, நான் காலை நீட்டப்போறேன்னு அங்கிட்டு சொல்லு" என்றேன்.

அவன் சொல்வதற்குள் நான் நீட்டிவிட்டேன். பரிசல் சாய்ந்தது. பொன்மணி பயந்துபோய் என் பக்கமே வந்தாள். தண்ணீர் மடேரென்று உள்ளே. அவன் துடுப்பை ஊன்றி நிறுத்தினான்.  திருப்பிக் கரைக்கே கொண்டுவந்துவிட்டான்.

"எறங்குங்க."

"ஏன்?"

"பெரியாச்சி, சின்னாச்சி, ரெண்டு பேரும் கேளுங்க. மீன் கெடைக்காட்டிக் காரியமில்ல, ஆளு முழுசாத் திரும்பி வரணும். பேசிக்கிடாத ரெண்டு பேரை நான் தண்ணியில வச்சிருக்க மாட்டேன். வீட்டுச் சண்டையை வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கணும்."

"வீட்டுல வைக்க எடமில்ல" என்றேன்.

பொன்மணி சிரித்தாளோ இருமினாளோ, ஒரு சத்தம் வந்தது.

கரையில் உட்கார்ந்தோம். நான் ஒரு கல்லில், அவள் ஒரு கல்லில். அவன் பரிசலில் தேங்கிய தண்ணீரைச் செம்பால் மொண்டு ஊற்றினான். அவசரமே படவில்லை. யார் முதலில் பேசுவது? அவள்தான் பேச வேண்டும். மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். வெயில் கருவேலமரத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் விரால் அடியில் போய்ப் படுத்துவிடும். அவன் போன மாத வீடியோவில் சொன்னது.

அப்போது தாமரை நடுவில் தொபுக்கென்று ஒரு சத்தம். விரால் மேலே வந்து வாய் பிளந்து போகிற சத்தம். எத்தனை வருசமானாலும் அது வேறு சத்தம். எங்கள் ரெண்டு கழுத்தும் ஒன்றாகத் திரும்பின.

நான் எழுந்தேன். பரிசல் விளிம்பைப் பிடித்தேன். தவசியைப் பார்க்கவில்லை, பரிசலையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன்.

"ஏறப்போறேன்" என்றேன்.

அவள் எழுந்து வந்து பரிசலின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள். பிறகு, "வலது கால மொதல்ல வைங்க" என்றாள்.

அவ்வளவுதான். இதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

தாமரைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். நான் எறிந்தேன். தவளை பரிசலுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மறுபடியும் எறிந்தேன். அங்கேயே. தவசிமுத்து, "கையை இன்னும் மேல தூக்குங்க ஆச்சி" என்றான். தூக்குகிறேன், தூக்குகிறேன், எங்கே தூக்க?

பொன்மணி அவனிடம் சொன்னாள்: "அவுகளுக்கு வலது தோளு ஏறாதுய்யா. ஆட்டுரல்ல மாவாட்டியே தேஞ்ச தோளு. எங்க பெரியவிய காரியத்தன்னைக்கே குடத்த இடது கையிலதான் தூக்குனாக."

பெரியவிய என்றது என் வீட்டுக்காரரை. அவர் போய்ப் பன்னிரண்டு வருசம். அன்றைக்கு அவள் வந்தாள், சுவரைப் பார்த்து அழுதாள், போய்விட்டாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று அதையும் கணக்கில் வைத்திருந்தேன். நான் எந்தக் கையில் குடம் தூக்கினேன் என்று பார்த்திருக்கிறாள்.

தவசிமுத்துக்குக் கோபம். "போன்ல அத்தனை தடவை கேட்டேனே ஆச்சி! சொல்லியிருந்தா சின்ன ராடு கொண்டாந்திருப்பேன்ல." அவன் கேட்டது நிசம். அவனுடைய சொந்த ராடு, குட்டையான தூண்டில் கம்பு ஒன்றை எடுத்து இடது கையில் கொடுத்தான். மேலே தூக்காமல் இடுப்பிலிருந்து வீசச் சொன்னான். வீசினேன். போய் விழுந்தது பாருங்கள், தாமரை இலைக்கு அந்தப் பக்கம், தவளை தானாகக் குதித்த மாதிரி! அதை மெதுவாக இழுத்துவரும்போது எனக்குப் பாவாடை கட்டின வயசு.

இலை பிளந்தது. தவளையைக் காணோம். நான் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். தவளை மட்டும் திரும்பி வந்தது.

"கொத்துனதும் இழுக்கக் கூடாது ஆச்சி. அது தவளையை முழுங்கணும். செத்தப் பொறுக்கணும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இழுத்திய?"

 அவன் தொழில், அவன் சொல்லலாம்.

இட்லியைப் பிரித்தோம். பொன்மணி நாலு தின்றுவிட்டு, தண்ணீரைப் பார்த்து, "நல்லெண்ண பத்தாது" என்றாள். நான் தண்ணீரைப் பார்த்து, "பத்தாததைத்தான் நாலு தின்னாக" என்றேன். தவசிமுத்து வாயில் இருந்த மோர் மூக்கில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது.

பொன்மணி வீசினாள். அவள் நன்றாகத்தான் வீசுகிறாள், பொய் எழுத மாட்டேன். தவளை ரெண்டு தத்தல் தத்தியது. தண்ணீர் வாய் திறந்து மூடியது. நான் மூச்சை அடக்கினேன். அவள் இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "பெருமாளே, பெருமாளே, பெருமாளே" என்றாள். பிறகு இழுத்தாள். ராடு வில்லாக வளைந்தது. பரிசல் அரைச்சுற்று சுற்றியது.

"ரீலைச் சுத்துங்க சின்னாச்சி!"

அவள் விரல் சுற்றவில்லை. முட்டுக்கு முட்டு வீங்கிய விரல். அதை அவனிடம் அவளும் சொல்லவில்லை, பார்த்தீர்களா!

"ஏட்டி, ராடை வயித்துல முட்டுக்குடு! விரலால சுத்தாத, உள்ளங்கையால சுத்து!" என்று கத்தினேன். யார் கத்தியது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் உள்ளங்கையால் சுற்றினாள். காற்று பரிசலைத் தாமரைக்குள் தள்ளியது. தவசிமுத்து துடுப்பை விட முடியவில்லை. "பெரியாச்சி, வலை ஒங்க காலடியில!"

நீளக் கைப்பிடி வைத்த வலை. எடுத்தேன்.

"பொன்மணி, நான் குனியப்போறேன்!"

"குனிங்கக்கா, நான் சாஞ்சிட்டேன்!"

குனிந்தேன். மஞ்சளும் கறுப்புமாக ஒன்று புரண்டது. வலையை அடியில் விட்டு இடது கையால் தூக்கினேன். என் முழங்கையை விட நீளம். பாம்புத் தலை. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வருசமாக நான் நினைத்துக்கொண்டிருந்த அதே அளவு.

தவசிமுத்து போனை எடுத்தான். "யாரு மீனு? யாரு பிடிச்சுக்கிட்டு நிக்கிய?"

நான் வாயைத் திறந்தேன், "என்" என்று வந்துவிட்டது, அப்படியே விழுங்கினேன். யோசித்துப் பாருங்கள். மாட்டியது அவள் தூண்டிலில். அள்ளியது என் கை. என் மீன் என்று நான் சொன்னால், கையில் எடுத்தவர்தான் சொந்தக்காரர் என்று ஆகிவிடும். அப்போது அந்தப் பழைய கண்மாய் விரால் யாருடையது?

"அவ மீனு" என்றேன். "அவ தூண்டில்லதான் மாட்டுச்சு. எதுல மாட்டுச்சோ அவுக மீனு. அன்னைக்கும் அதுதான் நியாயம்."

பொன்மணி மூளைக்காரி. ஒரு நிமிசத்தில் பிடித்துக்கொண்டாள். "இல்ல, இல்ல. அள்ளுனது அக்கா. கையில எடுத்தவுகளுக்குத்தான் மீனு. அன்னைக்கும் அப்படித்தான்."

"ஏட்டி, மரியாதையா ஒன் மீன வாங்கிக்க!"

"மாட்டேன். அது ஒங்க மீனு!"

"ஒன் மீனுதாண்டி!"

"ஒங்க மீனுதான், நீங்களே குழம்பு வச்சுக்கோங்க!"

தவசிமுத்து, "எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிட்டு வலையைக் கிழிச்சவுகளைப் பாத்திருக்கேன். வேண்டாம் வேண்டாம்னு அடிச்சுக்கிடுத ஆளுகள இப்பத்தான் பாக்கேன்" என்றான்.

பையை எடுத்துவிடுவோம், யார் மீனாக இருந்தால் என்ன, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம் என்று கூடைக்கு அடியிலிருந்து மஞ்சப்பையை உருவினேன். நிமிர்ந்தால், அவள் அந்த ஆரஞ்சுச் சட்டைக்குள்ளிருந்து ஒரு மஞ்சப்பையை உருவிக்கொண்டிருக்கிறாள். அதற்குள்ளும் ஈரச்சாக்கு! ஒரே மாமியார் வீட்டில் பழகியவர்கள்தானே.

நாங்கள் ஒருத்தர் பையை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தவசிமுத்து ரெண்டு பையையும் பார்த்தான்.

சரி, எந்தப் பையில் போடுவது? என் பையில் போட்டால் அவள் சொன்ன நியாயம் ஜெயித்துவிடும். அவள் பையில் போட்டால் என் நியாயம். நான் பையை நீட்டவில்லை. அவளும் நீட்டவில்லை. மீன் வலையில் கிடந்து வாலால் என் முட்டியில் அடித்தது. அதன் உடம்பு காய ஆரம்பித்துவிட்டது.

"ஏட்டி, மொதல்ல தண்ணியில வைப்போம். பொறவு சண்டை போடுவோம்" என்றேன்.

தவசிமுத்து முள்ளைக் கழற்றிவிட்டு, கையை நனைத்துக்கொள்ளச் சொன்னான். காய்ந்த கையால் பிடித்தால் அதன் மேல் வழுவழுப்புப் போய்விடுமாம். நான் தலைப்பக்கம், அவள் வால்பக்கம். தண்ணீருக்குள் நாலு கை. விரால் உடனே போகவில்லை. எங்கள் கைக்குள்ளேயே செவுளைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. அவள் விரல் என் விரலில் பட்டது. கட்டை மாதிரி வீங்கியிருந்தது. பிறகு அது ஒரே சிலுப்பு. எங்கள் ரெண்டு பேர் முகத்திலும் தண்ணீரை அடித்துவிட்டுத் தாமரைக்குள் போய்விட்டது.

யார் முதலில் சிரித்தது? அவள்தான். இல்லை, நான். பரிசல் ஆடியது. "சிரிக்கப்போறேன்னு சொல்லிட்டுச் சிரிங்க ஆச்சி!" என்று தவசிமுத்து கத்தினான். அதற்கும் சிரித்தோம்.

கரையேறும்போது அவன் சொன்னான்: "விடுவோம்னு பேச்சு, விட்டுட்டிய. நடுவுல நடந்ததை நான் பாக்கல."

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "வாரேன்க்கா" என்றாள் பொன்மணி.

"ம்" என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தோள், இடுப்பு, முட்டி, எல்லாம் வலி. இடது கையால் ஒரு தடவை வீசிப் பார்த்தேன், கரண்டியை வைத்து. நன்றாக விழுந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

தவசிமுத்து போட்டோ அனுப்பியிருக்கிறான். மீன் பாதிதான் தெரிகிறது. ரெண்டு கிழவிகள் வாயைப் பிளந்துகொண்டு சண்டை போடுகிறார்கள். பல் இருக்கிற இடம், இல்லாத இடம் எல்லாம் தெரிகிறது. மாவு வாங்க வந்தவர்கள் எல்லாரிடமும் காட்டினேன். ஒருத்தி, "யாரு ஆச்சி பிடிச்சது?" என்றாள். அது கோர்ட்டில் இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பொன்மணி போன் பண்ணினாள். போனில் தூணும் இல்லை, பானையும் இல்லை. வேறு வழியில்லாமல் பேசினோம். விரலுக்கு என்ன தைலம் போடுகிறாள் என்று கேட்டேன். சொன்னாள். அது சரியில்லை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரட்டும் என்றும் சொல்லிவிட்டேன். விரால் குழம்பு. தலையை எடுத்து அவள் தட்டில் நானே வைப்பேன். ஒன் தூண்டில், ஒன் மீனு, ஒன் தலை என்று சொல்லி வைப்பேன். அவள் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

எனக்குத் தோள் வலி என்று மீன் வாங்க பாண்டிசெல்வியை அனுப்பினேன். அதுதான் தப்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு போய், வெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். பொன்மணியும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரத்தில் கொட்டினோம். துண்டு, துண்டு, துண்டு, வால்.

"தல எங்க?" என்றேன்.

"தல எங்க?" என்றாள் பொன்மணி, அதே நேரத்தில்.

"தல வேண்டாம்னு சொல்லிட்டேன் அத்தை. வெறும் முள்ளுதான? மீன்காரரு அங்கன நின்ன பூனைக்குப் போட்டுட்டாரு."

நாற்பது வருசம்! பூனைக்கு!

நான் ஆரம்பித்தேன். நான் மூச்சு வாங்கிய இடத்தில் பொன்மணி எடுத்துக்கொண்டாள். அவள் விட்ட இடத்தில் நான். பாண்டிசெல்வி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். சொல்லியிருக்கிறாள். தேதி போட்டு எழுதிவிட்டேன். பொன்மணியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

குழம்பில் புளி கூடுதல். வைத்தது அவள். ரெண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

கண்ணுச்சாமி ஒருவழியாக வந்து, இத்தனை நாள் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்த பெல்ட்டைச் சரியாக மாற்றினான். இந்தத் தடவை டம்ளரைக் கழுவி வைத்தான்.

தவசிமுத்து பேசினான். மதுரையிலிருந்து ஒருத்தர் தனியாக வருகிறாராம். பரிசலுக்கு ரெண்டாவது ஆள் வேண்டுமாம். பெரிய விரால் நிற்கிற இடமாம், நான் வந்தால் நல்லதாம். "சொன்னதைக் கேக்குத ஆளு நீங்க" என்றான்.

எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வலது தோள் ஏறாது, முட்டி மரத்துப்போகும், அவளுக்கு விரல் மடங்காது, அதற்குத் தக்கன ராடு கொண்டுவா என்றும் சொன்னேன்.

"அப்ப சனிக்கிழமை போடட்டுமா ஆச்சி?"

"சனிக்கிழமை அவ கவிச்சி தொட மாட்டா. ஞாயித்துக்கிழமையாப் போடு."